செந்தமிழ் தெரியாத பேய்

ஊரே திரண்டு வந்து காது காட்டிக்கொண்டிருந்தது.

ஆமாம், காதுதான். கையைப் பார்த்துச் சொன்னவர்கள், முகத்தைப் பார்த்துச் சொன்னவர்கள் எல்லாம் பழைய சரக்காகிப் போனார்கள். இப்போது புதிதாகக் கிளம்பியிருப்பவர் புனலார். பளபளவென்று தேய்த்த பித்தளைப் புனல் ஒன்றை உங்கள் காதில் செருகுவார். அகன்ற வாயில் தன் காதை வைப்பார். உங்கள் மண்டைக்குள் குடியிருக்கும் பேய் என்ன பேசுகிறது என்று ஒட்டுக் கேட்டுவிடுவார். அப்புறம் ஒரே உறிஞ்சு. பேய் வெளியே! எண்ணெய் ஊற்றுகிற புனல் மாதிரி இருக்கிறதே என்று யாராவது கேட்டால் பக்தர்கள் அடிக்க வருவார்கள். அது தெய்வீகப் புனலாம். ஊற்றாது, உறிஞ்சும். எதை உறிஞ்சியது என்பது வீட்டுக்குப் போய்ப் பையைத் திறந்து பார்க்கும்போதுதான் தெரியும்.

இந்த வைபவம் நடந்த இடம் ஒரு கட்டில் கடையின் மேல்மாடி. கடை முதலாளியின் அம்மாவுக்குக் காதில் இரைச்சல் இருந்தது. புனலார் புனலை வைத்து ஆட்டினார், குடைந்தார், கட்டியாக ஏதோ வந்து விழுந்தது, இரைச்சல் நின்றது. விழுந்தது காதுக் குறும்பி என்று சின்னப் பிள்ளை கூடச் சொல்லிவிடும். முதலாளி மட்டும் அது பேயின் கால் நகம் என்று நம்பினார். நம்பி, மேல்மாடி முழுவதையும் ஞாயிற்றுக்கிழமைதோறும் இலவசமாகத் திறந்துவிட்டார்.

கூட்டத்துக்கு நாற்காலி போடவில்லை. அதுதான் விற்காத கட்டில்கள் வரிசையாகக் கிடக்கின்றனவே! பேய் பிடித்தவர்களுக்கு இரட்டைக் கட்டில், கூட வந்தவர்களுக்கு ஒற்றைக் கட்டில். பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தைமேல் யார் அசைந்தாலும் கறுக் கறுக்கென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கே பாதிப் பேர் பேய் வந்துவிட்டதென்று கும்பிட்டார்கள். பேய் திரும்பி வராமல் காதை அடைக்க 'கட்டுப் பஞ்சு' என்று ஒன்றும் விற்றார்கள். மூலையில் கிடந்த ஒரு மெத்தை மட்டும் வாரா வாரம் மெலிந்துகொண்டே போனது. அதை யாரும் கவனிக்கவில்லை.

வாசலில் ஒரு மேசை. அதற்குப் பின்னால் புன்சிரிப்போடு ஓர் அம்மாள். வருகிறவர்களுக்கெல்லாம் சூடாக டீ கொடுப்பார். டீயோடு கேள்வியும் கொடுப்பார். "எப்பம்மா ஆரம்பிச்சுது? என்ன படிச்சிருக்கார்? எந்த இடத்துல பயந்தார்னு நினைக்கிறீங்க?" கேட்டவுடன் சொந்தக்காரர்கள் குடம் குடமாகக் கொட்டுவார்கள். அடேயப்பா, என்ன பரிவு! ஆனால் பாருங்கள், பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவரிடம் மட்டும் அந்த அம்மாள் ஒரு வார்த்தை கேட்டது கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வரிசைக் கட்டிலில், அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் பேருந்து நிலைய அறிவிப்பாளர். முகம் யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் ஊரே பையைத் தூக்கிக்கொண்டு ஓடும். அப்படி ஒரு குரல்.

அவருக்கு மனச்சிதைவு நோய். வாலிப வயதில் வந்தது. பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் ஒரு குரல் பேசும். அந்தக் குரல் அவர் தொழிலையே திருடிக்கொண்டு வந்ததுதான் வேடிக்கை. முதலில் 'டிங் டாங்' என்று மணியடிக்கும். பிறகு அச்சடித்த செந்தமிழில் தொடங்கும்: 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு. எதிரே வரும் ஓட்டுநர் இவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்.' 'மூன்றாம் நடைமேடையில் நிற்பவர்கள் அனைவரும் இவரைக் கண்காணித்துக்கொண்டிருக்கிறார்கள்.' மரியாதை துளிகூடக் குறையாத குரல். மரியாதையாகப் பேசிப் பேசியே ஆளை உருக்குலைத்துவிட்டது.

மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். குரலின் சத்தம் பாதியாகக் குறைந்தது. மிச்சத்தைச் சமாளிக்க, வாரம் ஒருமுறை உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுகிற பேச்சு சிகிச்சைக்கு வரச் சொன்னார்கள். சின்ன அறை, இரண்டு நாற்காலி, சுற்றும்போது முனகுகிற மின்விசிறி. எதிரே பேச்சு டாக்டரம்மா. 'அதெல்லாம் உன் கற்பனை' என்று அவர் சொல்லவில்லை. 'ஐயோ பாவம்' என்றும் உச்சுக்கொட்டவில்லை. முதல் நாளே, "சரி, அந்தக் குரல் என்ன சொல்லுது? எப்படிப் பேசுது?" என்று கேட்டார். அறிவிப்பாளருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதுவரை ஒரு மனிதர்கூட அவரிடம் இதைக் கேட்டதில்லை.

"சொன்னது எல்லாம் நடந்துச்சா?" என்பது அடுத்த கேள்வி. இருவருமாகச் சோதித்துப் பார்த்தார்கள். ஓட்டுநர் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று குரல் சொல்கிறதா? நேரே போய், என்னண்ணே சிரிக்கிறீங்க என்று கேட்டுவிட வேண்டியது. மறுநாளே போய்க் கேட்டார். ஓட்டுநர் வீட்டுப் பூனை பால் சட்டிக்குள் தலையை மாட்டிக்கொண்டு வீடு முழுக்கச் சட்டியோடு ஓடியதாம். அதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார் மனிதர்.

மறுவாரம் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னார்: "நம்ம பஸ் ஸ்டாண்ட் அறிவிப்பு மாதிரியேதாங்க டாக்டர். சொன்னபடி ஒண்ணும் வர்றதில்ல." டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

குரல் ஒரேயடியாக ஓடிவிடவில்லை. தூக்கம் கெட்டால் கத்தும், தூங்கி எழுந்தால் முணுமுணுக்கும். 'தகவலுக்கு நன்றி' என்று மனசுக்குள் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். வேலையும் ஒழுங்காக ஓடியது, வாழ்க்கையும் ஓடியது.

அக்காவுக்குத்தான் இது பிடிபடவில்லை. தாயும் தகப்பனும் போனபின் தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். பாசத்துக்குக் குறைச்சலே இல்லை.

"வாரா வாரம் போய்ப் பேசிட்டு வர்றியே, பேசுறதுக்குன்னு ஒரு டாக்டரா? ஏன், நான் பேசமாட்டேனா? நான் பேச ஆரம்பிச்சா தெருவே காதைப் பொத்திக்கும்!"

"அதேதாங்க்கா விஷயம். அவங்க பேசுறதைவிட கேக்குறதுதான் அதிகம்."

"கேட்டு என்னடா ஆச்சு? அந்தச் சனியன் இன்னும் பேசுதா இல்லையா?"

"பேசுது. கம்மியா."

"அப்ப வேரோட போகல. புனலார் ஒரே உறிஞ்சுல பிடுங்கிப் போடுறாராம். என்ன, அதுக்கப்புறம் மாத்திரையைத் தொடக்கூடாதாம். அந்தப் பேச்சு டாக்டர் பக்கமும் தலை வைக்கக்கூடாதாம்."

மாத்திரையைத் தொடாவிட்டால் என்ன ஆகும் என்று அறிவிப்பாளருக்குத் தெரியும். முன்பு ஒருமுறை, எல்லாம் சரியாகிவிட்டதென்று தானாகவே மாத்திரையை நிறுத்திப் பார்த்தவர் அவர். குரல் ஓங்கிக்கொண்டே போய், கடைசியில் அது சொன்னதை இவர் மைக்கில் அப்படியே சொல்லிவிட்டார்: 'அனைத்துப் பேருந்துகளும் ரத்து செய்யப்பட்டுள்ளன. அனைவரும் தப்பிச் செல்லவும்.' ஊரே மூட்டை முடிச்சோடு சிதறி ஓடியது. ஓட்டுநர்களும் சேர்ந்து ஓடினார்கள். மீண்டும் அந்த நாற்காலியில் உட்காரப் பல மாதம் பிடித்தது. நிலைய மேலாளர் நல்லவர்தான், ஆனால் இன்னொரு தடவை இப்படி ஆனால் தன்னால் காப்பாற்ற முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

அக்கா அழுதாள். சாப்பிட மாட்டேன் என்று தட்டைத் தள்ளினாள். கடைசியில் தம்பி ஒப்பந்தத்துக்கு வந்தார்: "சரி, ஒரு தடவை வர்றேன். அந்தாளு உண்மைன்னா நீ சொல்றபடி. பொய்னா நீ எங்கூட டாக்டரம்மாகிட்ட வரணும்." அக்கா தலையாட்டினாள். ஆட்டிய கையோடு மாத்திரை அட்டைகளை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அந்தக் கைப்பை இப்போது அவள் மடியில் இருந்தது.

மேடையில் பேய்கள் ஒவ்வொன்றாக வெளியேறிக்கொண்டிருந்தன. புனலார் உறிஞ்சுகிற பேயைப் பக்கத்தில் நிற்கும் தடித்த சீடனின் காதில் ஊதுவார். சீடனுக்குப் 'பாத்திரம்' என்று பெயர். ஊதியவுடன் பாத்திரம் கண்ணை உருட்டும், தலையைச் சுழற்றும், பேயாகவே பேசும். "டேய்! உன்னை விடமாட்டேன்டா!" அடுத்தவருக்கு: "டேய்! உன் ரத்தத்தைக் குடிப்பேன்டா!" பேய்களுக்கு என்று ஏதோ பள்ளிக்கூடம் நடக்கிறது போலிருக்கிறது. எல்லாம் ஒரே வாத்தியாரிடம் 'டேய்' மட்டும் படித்துவிட்டு வந்திருந்தன. பாத்திரம் உறுமி முடித்ததும் அந்தப் பேயைப் பஞ்சுக்குள் அடைத்து, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, வந்தவரைக் கொண்டு மாத்திரையையும் அதே தண்ணீரில் போடச் சொல்வார்கள். ஒரே கைதட்டல்.

அறிவிப்பாளர் முறை வந்தது. ஏறி உட்கார்ந்தார். ஜில்லென்று புனல் காதுக்குள் நுழைந்தது.

உள்ளே மணியடித்தது. 'டிங் டாங். பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இவரது இடது காதில் புனல் நுழைந்துகொண்டிருக்கிறது.'

அறிவிப்பாளருக்குச் சிரிப்பு பீறிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டார். மறுமுனையில் புனலார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "அய்யய்யோ! என்ன அசிங்கமான வார்த்தை! என்ன கொடூரம்! ரத்தம் கேக்குது, ரத்தம்!"

உறிஞ்சினார். ஊதினார். பாத்திரம் குலுங்கியது.

"டேய்! நீ பாலிடிக்ஸ் படிக்கும்போதே உன்னைப் பிடிச்சேன்டா! பழைய மில்லுக்குப் பின்னாடி வச்சுப் பிடிச்சேன்டா! உன்னை மைக்ல கத்த வச்சதே நான்தான்டா!"

கூட்டம் 'ஆ' என்றது. எப்படிப் புட்டுப் புட்டு வைக்கிறது பாருங்கள்! அக்கா கண்ணீரோடு கைகூப்பினாள்.

அறிவிப்பாளர் மட்டும் புருவத்தைச் சுருக்கினார். அவர் படித்தது பாலிடெக்னிக். அதைப் 'பாலிடிக்ஸ்' என்று சொல்கிற ஒரே ஜீவன் இந்த உலகத்தில் அவர் அக்காதான். எத்தனையோ தடவை திருத்தியும் அவள் வாயில் அது நுழைந்ததில்லை. இத்தனை வருடம் மண்டைக்குள்ளேயே குடியிருந்த பேய்க்கு, குடியிருந்த வீட்டுக்காரன் என்ன படித்தான் என்று தெரியவில்லையா?

"மாத்திரையைக் கொண்டாங்கம்மா," என்றார் புனலார். "தொட்டியில போடுங்க. இனிமே மருந்துங்கிற பேச்சே வேணாம்."

அக்கா எழுந்தாள். கைப்பையின் ஜிப் திறக்கிற சத்தம் அறிவிப்பாளர் காதுக்குக் கேட்டது. சின்ன அறையில் அத்தனை வாரம் கேட்ட கேள்வி அப்போது தானாக வாயில் வந்தது: சொன்னது சரிதானா? கேட்டுப் பார்த்துவிட்டால் போயிற்று!

"ஒரு நிமிஷங்க," என்று மைக்கை வாங்கினார். ஊருக்கே பழகிய குரல் ஒலித்ததும் கூட்டம் தன்னையறியாமல் பையைக் கையில் எடுத்தது. "ரொம்ப வருஷமா கூடவே இருந்த பேய். சும்மா அனுப்ப மனசு வரல. ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கலாமா?"

"தாராளமா," என்றார் புனலார். மறுக்க வழியில்லை, மைக் அவர் கையில் இல்லை.

"தினமும் காலையில நான் கண்ணு முழிச்சதும் முதல்ல ஒண்ணு சொல்லும். எப்பவும் அதேதான், ஒரு எழுத்து மாறாது. அதை இப்ப இந்தப் பேய் சொல்லணும். நான் அப்புறமா மாத்திப் பேசிட்டேன்னு யாரும் சொல்லக்கூடாது பாருங்க, அதனால பதிலை முன்கூட்டியே ஒருத்தர் காதுல சொல்லி வச்சுடறேன். முதலாளி, நீங்க வாங்க. உங்களைவிட இவரை நம்புறவங்க இங்க யாரு இருக்காங்க?"

கட்டில் கடை முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேடை ஏறினார். அறிவிப்பாளர் அவர் காதில் குனிந்து சொன்னார். முதலாளியின் வாய் கொஞ்சம் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"ம், இப்ப பேயைச் சொல்லச் சொல்லுங்க."

பாத்திரம் புனலாரைப் பார்த்தது. புனலார் கூரையைப் பார்த்தார்.

"டேய்! செத்துப் போடான்னு சொல்வேன்!"

முதலாளி உதட்டைப் பிதுக்கினார்.

"கொல்லுடான்னு சொல்வேன்! ரத்தம் கொடுடான்னு சொல்வேன்!"

"இல்லீங்க."

"எந்திரிடா நாயேன்னு சொல்வேன்!"

"கிட்டக்கூட வரலையேப்பா," என்றார் முதலாளி. அவர் குரலிலேயே சுருதி இறங்கியிருந்தது. மைக்கை வாங்கினார். "இவரு சொன்னதை நான் அப்படியே சொல்றேன். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இவர் இன்றும் எழுந்துவிட்டார். அனைவருக்கும் ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம்.'"

மாடியே அதிர்ந்தது. சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு, பிளாஸ்டிக் உறைகளெல்லாம் சேர்ந்து கறுக் கறுக்கென்றன. அறிவிப்பாளரும் சிரித்தார்.

"எங்கிட்ட இருக்கிற குரல் செந்தமிழ்தாங்க பேசும். வாழ்நாள்ல ஒரு தடவைகூட என்னை 'டேய்'னு கூப்பிட்டதில்ல. நீங்க யார் வீட்டுப் பேயையோ மாத்திப் பிடிச்சுட்டீங்க போல!"

புனலார் சமாளித்தார். "அது... புனல் வழியா வரும்போது பேய்க்கு மறதி வந்துடும்."

"தினம் சொன்னது மறந்துபோச்சு, பாலிடிக்ஸ் மட்டும் ஞாபகம் இருக்காங்க?"

அக்கா அப்படியே நின்றாள். "பாலிடிக்ஸா? அது... அது நான் சொல்ற வார்த்தையாச்சே. காலையில டீ குடிக்கும்போது அந்த அம்மாகிட்ட நான்தானே சொன்னேன். மில்லுக் கதையும் நான்தானே சொன்னேன்!" வாசல் மேசைப் பக்கம் எல்லாத் தலைகளும் திரும்பின. பரிவான அம்மாளைக் காணோம். டீக் கெட்டிலில் மட்டும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

அதற்குள் இரண்டாவது வரிசை இரட்டைக் கட்டிலில் இருந்து ஒரு கணக்கு டீச்சர் எழுந்தார். ஓய்வு பெற்றவர். மகன் வற்புறுத்திக் கூட்டி வந்திருந்தான். "எனக்கும் ஒரு குரல் கேக்குது. அது பேசுறதே இல்ல, வாய்ப்பாடு ஒப்பிக்குது. அதுவும் தப்பாத் தப்பா ஒப்பிக்குது. எந்த வாய்ப்பாடுன்னு என் பையன் காதுல சொல்லிட்டேன். எங்க, உங்க பாத்திரம் சொல்லட்டும்!"

"டேய்..." என்று ஆரம்பித்த பாத்திரம், எதிரே டீச்சர் நிற்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டது.

அவ்வளவுதான். ஒவ்வொரு கட்டிலிலும் யாரோ ஒருவர் பக்கத்திலிருந்தவர் காதில் குனிந்தார். கணவன் மனைவியிடம் சொன்னான், மகள் அப்பாவிடம் சொன்னாள். "இதையா உனக்குள்ள கேட்டுக்கிட்டு இருந்தே? ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று ஒரு தகப்பன் கத்தினார். "நீங்க எப்பப்பா கேட்டீங்க?" என்றாள் மகள். தொட்டியில் போட்ட மாத்திரைகளை நினைத்துச் சிலர் தலையில் அடித்துக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினார்கள்.

பின்படிக்கட்டில் நழுவப் பார்த்த புனலாரை முதலாளி இரும்புக் கட்டிலின் தலைமாட்டுப் பலகையைக் குறுக்கே போட்டு மறித்தார். "நில்லுய்யா! எங்க அம்மா காதுல இருந்து விழுந்துச்சே, அது என்ன?"

புனலார் புனலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"குறும்பி!" என்று கூட்டமே ஒரே குரலில் பதில் சொன்னது.

காவல் நிலையத்திலிருந்து ஆள் வரும்வரை புனலாரும் பாத்திரமும் ஒரு தொட்டில் கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் பஞ்சு கொடுத்தார்கள், காதில் விழுகிற வசவுகளைத் தாங்கிக்கொள்ள.

இந்த அமளியில் அக்கா மட்டும் ஓசையில்லாமல் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாத்திரை அட்டைகளை எடுத்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"தினமும் அதையாடா கேட்டுக்கிட்டு எந்திரிக்கிறே? சிரமத்துக்கு வருந்துகிறோம்னா?"

"ஆமாக்கா."

"உன்னைத் தூக்கி வளர்த்தவ நான். ஒரு நாளாவது என்னடா சொல்லுதுன்னு கேக்கத் தோணலியே எனக்கு! ஊர்ல இருக்கிற புனல்காரனை எல்லாம் கேட்டேன். உன்னைக் கேக்கலியேடா!"

"இப்ப கேட்டுட்டேல்ல, விடு."

"அது அப்படிச் சொல்லும்போது நீ என்ன பண்ணுவே?"

"முன்னாடியெல்லாம் போர்வையை இழுத்து மூடிப் படுத்துடுவேன். இப்ப, தகவலுக்கு நன்றின்னு சொல்லிட்டுப் பல்லு விளக்கப் போயிடுவேன்."

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அடுத்த வாரம் அவளும் அந்தச் சின்ன அறைக்குப் போனாள். மூன்றாவது நாற்காலி போட்டார்கள். பேச்சு டாக்டரம்மா கேள்வி கேட்பதற்கு முன்பே அக்கா பேச ஆரம்பித்துவிட்டாள் என்பதையும், தம்பி அவள் கையைத் தட்டி, "அக்கா, இங்க நாமளும் கொஞ்சம் கேக்கணும்," என்றதையும், அவள் உடனே வாயைப் பொத்திக்கொண்டதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவதுதான் முறை.

இவ்வளவு கேட்ட பிறகு, ஐயாமாரே, அம்மாமாரே, ஒன்றே ஒன்று. மண்டைக்குள் நிஜமாகவே குரல் கேட்கிற மனிதர் அது சொல்வதை நம்புவதற்கு முன் சோதித்துப் பார்க்கிறார். எந்தக் குரலும் கேட்காமல் சௌக்கியமாக இருக்கிற நாம், எவனோ நீட்டிய புனலைச் சோதிக்காமல் நம்பி வரிசையில் போய் நிற்கிறோம். இதில் வைத்தியம் யாருக்கு அவசரமாக வேண்டும் என்று, இருக்கிற மூளையை வைத்துக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்!